பக்கத்து வகுப்புப் பானை

கீழ்வேளூருக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பின் ஒரு பிரிவு எனக்கு, இன்னொன்று ஒரு டீச்சருக்கு. நடுவில் கீற்றுத் தட்டி மட்டும்தான்.

என் பக்கம் நாள் முழுக்க "சார், சார்" என்ற கூச்சல். பல்பம் உடைந்தாலும் டவுசர் பொத்தான் கழன்றாலும் நான்தான் வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்; இத்தனை பேர் என்னைத் தேடுவது பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு குரலே எழாது. பிள்ளைகள் தாங்களே சிலேட்டைத் துடைப்பார்கள், தாங்களே பாயைச் சுருட்டுவார்கள். தலைமையாசிரியர் அங்கே நின்று ரசித்துவிட்டு, என் வகுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார். எனக்கு வயிறு எரியும்.

தண்ணீர் நேரத்தில் எரிச்சல் இன்னும் கூடும். நான் செம்பைப் பிடித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊற்றி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அங்கே பானை மேல் ஒரு டம்ளர், அவ்வளவுதான்; மீதி பிள்ளைகள் பாடு.

"பாதித் தண்ணி கீழதான் போவுது, பாருங்க டீச்சர்" என்றேன் ஒருநாள்.

"போவட்டுங்க சார். தரைக்கும் தாகம் இருக்காதா?"

அவர் சிரித்தது இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள் என் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் காணோம். எட்டிப் பார்த்தால், டீச்சரின் பானையருகே நிற்கிறாள்.

"நம்ம பானை என்ன ஆச்சு?"

"அங்க நீங்கதான் ஊத்துவீங்க. இங்க நானே மொண்டு குடிக்கலாம் சார்."

கோபத்தோடு திரும்பினேன். என் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து, கைகளைக் குவித்துக் காத்திருந்தார்கள். மிராசுதார் வீட்டுக் கொல்லையில் பானையைத் தொடக்கூடாதென்று நானும் அப்பாவும் அப்படித்தான் குனிந்து குடித்தோம். நான் ஊற்றினால் அது அன்பு என்று நினைத்திருந்தேன். கூலி உயர்வு கேட்டு வரப்பில் செங்கொடியோடு நிமிர்ந்து நின்றவர்களின் பிள்ளைகள் இவர்கள்.

மறுநாள் செம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, பானை மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்தேன். யாரும் அசையவில்லை. குவித்த கைகளோடு என்னையே பார்த்தார்கள். கடைசியில் அந்தச் சிறுமிதான் முன்னால் வந்து மொண்டாள்; பாவாடையெல்லாம் நனையக் குடித்தாள். என்னிடம் ஏதாவது சொல்லுவாள் என்று நின்றேன்.

அவளோ தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். "டீச்சர்! எங்க பானையிலயும் நானே மொண்டேன்!"