இரண்டு பவுண்டு காற்று

சென்ற வியாழக்கிழமை காலை ஆறரை மணி. என் பட்டறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டி, யாரும் தொடாமலே படபடவென்று அடித்துக்கொண்டது.

மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கிவிட்டது. இரண்டு மாத வெக்கைக்கு முடிவு வந்துவிட்டது. கோவை முழுவதும் அன்று நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும். எனக்கோ அப்படி இல்லை. கிணத்துக்கடவு சென்னியப்பனின் கார் நினைவுக்கு வந்துவிட்டதே!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள் – நான் கல்லூரியில் எந்திரவியல் பயின்றவன் அல்லன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூல்களும், கை சுட்ட அனுபவங்களுமே என் ஆசிரியர்கள். அந்தத் துணிவில்தான், தென்னந்தோப்புக்காரரான சென்னியப்பனின் பெட்ரோல் காருக்கு, கப்பலில் வந்த பழைய சாமான்களுக்கிடையே கிடைத்த ஒரு டர்போவைப் பொருத்திக் கொடுத்தேன்.

டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி சுழலும்; அந்தச் சுழற்சி, வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். எவ்வளவு திணிக்கலாம் என்பதைப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பியும் அதன் நட்டும் தீர்மானிக்கின்றன. முறுக்கினால் அழுத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். எட்டு பவுண்டில் வைத்துத்தான் கொடுத்தேன்.

சித்திரையில் சென்னியப்பன் வந்து நின்றார்.

"ஏனுங்க, வண்டி இழுவையே இல்லீங்க. எருமையாட்டம் போகுது."

வெயிலில் காற்று மெலிந்துவிடும். அதே எட்டு பவுண்டுக்குள் சரக்கு குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. முறுக்கிப் பத்தாக்கிவிட்டேன். அந்த மெலிந்த காற்றுக்கு ஏற்ப பெட்ரோலையும் அளந்து வைத்தேன். மழைக்காற்று வந்ததும் பழையபடி குறைத்தாக வேண்டும் – ஏனெனில் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அழுத்தமானியின் முள் பத்தில் நிற்காது, பதினொன்று, பன்னிரண்டு என்று தானே ஏறும். காற்று மிகுந்து பெட்ரோல் பற்றாமல் போனால், எஞ்சினுக்குள் வெப்பம் எகிறும். பிஸ்டனில் ஓட்டை விழ ஒரு நீண்ட ஏற்றம் போதும்.

இதையெல்லாம் ஒரு தாளில் முறையாக எழுதியும் கொடுத்திருந்தேன். இந்த அழுத்தத்தை 'பூஸ்ட்' என்று எழுதினால் பாலில் கலக்கிக் குடிப்பது என்று நினைப்பார்கள். ஆகவே, நெடுநேரம் யோசித்து, எஞ்சினுக்குக் காற்றை ஊட்டும் அழுத்தம் என்ற பொருளில் 'ஊட்டழுத்தம்' என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருந்தேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

வியாழனன்று அவர் வீட்டுக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் அவர் மனைவி சாந்தாமணி.

"அவுரு இப்பத்தானுங்கண்ணா கெளம்பிப் போனாரு. எங்க பொண்ணு சுகந்திக்கு வால்பாறை பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை வந்துருச்சுங்க. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரோணும். இல்லீனா ஆர்டரு செல்லாதாமுங்க."

வால்பாறை! ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மிதித்த காலை எடுக்க முடியாத ஏற்றம். நடுவழியில் எஞ்சின் போனால், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், முன்னால் மூடுபனி. அந்தப் பெண்ணின் கையில் நண்பகலோடு காலாவதியாகும் ஒரு வேலை உத்தரவு... முறுக்கியது யார் கை? என் கை.

"பொள்ளாச்சியில என்ற தம்பி மயில்சாமியோட பெட்ரோல் பங்குல நிப்பாட்டுவாருங்க. அங்க வேணா கூப்புட்டுப் பாருங்களேன்" என்றார் சாந்தாமணி.

சென்னையில் சிலர் சட்டைப் பையிலேயே போனை வைத்துக்கொண்டு திரிவதாகச் செய்தித்தாளில் படிக்கிறேன். நமக்கு இன்னும் எஸ்.டி.டி.தான். நான்காவது முயற்சியில் மணி அடித்தது.

"மயில்சாமி பேசறனுங்க. மச்சானா? வண்டி இங்கதானுங்க நிக்குது. டீ குடிக்கப் போயிருக்காரு."

"தம்பி, மலை ஏறறதுக்கு முன்னால ரெண்டு பவுண்டு காத்தக் கொறைக்கோணும்னு அவருகிட்டச் சொல்லீருங்க. மறந்துராதீங்க."

"அவுரு எதுக்குங்க? நானே கொறச்சுப் போடறேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஏனுங்க, எனக்குக் காத்துக் கொறைக்கத் தெரியாதுங்களா? பொழுதன்னிக்கும் அதே வேலைதானுங்க!"

தொலைபேசியை வைத்தேன். காப்பி வந்தது. பொள்ளாச்சிப் பெட்ரோல் பங்கில்கூட டர்போவின் நுட்பம் தெரிந்தவர் இருக்கிறாரே, நாடு முன்னேறுகிறதே என்று வியந்தபடி அரை டம்ளர் குடித்தேன். மீதி அரை டம்ளரை அப்படியே மேசையில் வைத்தேன்.

பெட்ரோல் பங்கில் பொழுதன்றைக்கும் எந்தக் காற்றைக் குறைப்பார்கள்?

தாளில் 'ஊட்டழுத்தம்' என்று எழுதத் தெரிந்த எனக்கு, பதற்றத்தில் வாயில் வந்ததோ 'காத்து'! மீண்டும் எண்களைச் சுழற்றினேன். லைன் பிஸி. மறுபடி சுழற்றினேன். பிஸி. கால் மணி நேரம் அந்தச் சனியன் பிடித்த ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

"மயில்சாமிங்களா? காத்தக் கொறச்சிட்டீங்களா?"

"கொறச்சாச்சுங்க! நாலு டயர்லயும் ரெண்டு ரெண்டு பவுண்டு. ஸ்டெப்னியிலயும் எறக்கி உட்டுட்டனுங்க. மச்சான் போயிக் கால் மணி நேரமாச்சு."

ஸ்டெப்னியில் கூட! மனிதர் எவ்வளவு பொறுப்பாகச் செய்திருக்கிறார்!

ஆக, எஞ்சினில் காற்று அதிகம். டயரில் காற்று குறைவு. ஈரமான நாற்பது வளைவுகளுக்கு ஒரு தகப்பனையும் மகளையும் இதைவிடச் சிறப்பாக எவரால் தயார் செய்ய முடியும்?

விஷயத்தைச் சொன்னதும் மயில்சாமியின் குரல் இறங்கிப் போயிற்று. "ஐயையோ... ஆழியாறு செக்போஸ்ட்டுல வண்டி நம்பர் எழுத நிப்பாட்டுவாங்க. நான் பைக்கெடுத்துட்டு ஓடறனுங்க. புடிச்சுருவேன்." அதற்குள், கால் பம்பை எடுத்துவரும்படி யாரையோ அவர் அதட்டுவதும் கேட்டது.

பிறகு காத்திருந்தேன். நாட்காட்டி படபடத்துக்கொண்டே இருந்தது. எழுந்துபோய் அதைக் கழற்றி மேசைக்குள் வைத்தேன். காற்று நின்றுவிடுமா என்ன? பட்டறையில் ஒரு கார்ப்புரேட்டரைப் பிரித்து வைத்திருந்தார்கள். அதைப் பூட்டலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே திருகை மூன்று முறை முறுக்கிவிட்டு எழுந்துவிட்டேன். ஒருவேளை இன்று செக்போஸ்ட்டில் கூட்டமே இல்லாமல், நிற்காமல் அனுப்பிவிட்டிருந்தால்?

ஐம்பது நிமிடங்கள் கழித்து மணி அடித்தது. ஆழியாற்றில் ஒரு டீக்கடை. பேசியது சென்னியப்பனேதான்.

"ஏனுங்க, மயிலு என்னென்னமோ சொல்லறான். வண்டி சோக்காத்தானுங்க போகுது. லாரியத் தாண்டறப்பக் கொலுசுச் சத்தமாட்டம் கிணுகிணுன்னு வருது. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது."

அது கொலுசு அன்று. பிஸ்டன் தன் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் விடுக்கும் எச்சரிக்கை.

"அந்தச் சத்தத்தோட மலை ஏறாதீங்க! நான் எழுதிக் குடுத்த தாள் எங்கீங்க?"

"டேஷ்போர்டுலயே இருக்குதுங்க. படிச்சேன். 'மழைக்காற்று தொடங்கியதும் ஊட்டழுத்தத்தை இரண்டு பவுண்டு குறைக்கவும்'னு போட்டிருந்துச்சு. ஊட்டு அழுத்தந்தானுங்களே? வண்டி ஊட்டுல நிக்கறப்பக் கொறைக்கறதாக்கும்னு நெனச்சேன். நாங்கதான் வெளியூரு போறமேன்னு உட்டுப்போட்டனுங்க."

வாசகர்களே, 'வீடு' என்பது எங்கள் வாயில் 'ஊடு' ஆகிவிடும் என்பது இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

பின்னாலிருந்து சுகந்தியின் குரல் கேட்டது. "ஊட்டு அழுத்தம் கொறையோணும்னா அப்பா வெளியூரு போனாலே போதுமுங்க! அம்மாவக் கேட்டுப் பாருங்க."

"சும்மா இரு கண்ணு!" என்றார் சென்னியப்பன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரை மணி நேரம் எஞ்சினை ஆறவிட்டு மறுபடி கூப்பிடச் சொன்னேன். பிறகு சுகந்தியே ரிசீவரைப் பிடித்து, நான் சொல்வதை வரிக்கு வரி திருப்பிச் சொன்னாள். கடைவாசலில் பானெட்டுக்குள் குனிந்திருந்த மயில்சாமி அதன்படி செய்தார். நத்தைக் கூடு போன்ற வார்ப்பு... அதன் அருகில் சிறு டப்பா... அதிலிருந்து நீளும் கம்பி... நட்டு... தளர்த்த வேண்டும், முறுக்கக் கூடாது... இரண்டு சுற்று.

"ரெண்டு சுத்து உட்டாச்சுங்க."

"எந்தப் பக்கம்?"

"மாமா, எந்தப் பக்கம் சுத்துனீங்க?... தளர்த்துற பக்கந்தானாமுங்க."

"இன்னொரு தடவை கேளு, அம்மிணி."

கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்கச் சொல்லியிருப்பேன். அவள் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தொலைபேசியிலேயே தெரிந்தது. நான்கு டயர்களுக்கும் மயில்சாமி கால் பம்பால் காற்றடித்து முடித்துவிட்டு, "ஸ்டெப்னிக்கும் அடிக்கட்டுங்களா?" என்று கேட்டதாகச் சொன்னாள். அடிக்கச் சொன்னேன்.

வண்டி மலையேறிற்று. அதன் பிறகு சென்ற இரண்டரை மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

பதினொன்றேகாலுக்கு வால்பாறையிலிருந்து சுகந்தி பேசினாள். "கையெழுத்துப் போட்டுட்டனுங்க. கொலுசுச் சத்தமே வரலீங்க. அப்பாதான், வண்டி மறுபடியும் எருமையாட்டம் போகுதுன்னு ஒரே பொலம்பல்."

எருமை என்றால் எனக்குச் சம்மதம். எருமை மலையேறி, பத்திரமாக இறங்கியும் வரும்.

விஷயம் தெரியாதவரிடம் பேசும்போது சொல்லைத் தேடிப் பிடிக்கிறோம். விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துவிட்டால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, புரிந்திருக்கும் என்று காப்பி குடிக்கப் போய்விடுகிறோம். வண்டிகளைக் கெடுப்பது பருவநிலை மட்டும்தானா என்று இப்போது எனக்கு ஐயமாக இருக்கிறது.

சித்திரை மறுபடி வரும். சென்னியப்பனும் வருவார், முறுக்கச் சொல்வார். என்ன பதில் சொல்வது என்று இப்போதே ஒத்திகை பார்க்கிறேன்.

தாளைத் திருத்தி எழுதிவிட்டேன். 'ஊட்டழுத்தம்' என்ற சொல்லை விட மட்டும் மனம் வரவில்லை. அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன் – 'வெளியூர் செல்பவர்களுக்கும் இது பொருந்தும்.'