ஷமீம் ஆன்ட்டியின் ‘ரியலி?’

மாம்பலத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற பெண் போனில் “ரியலி?” என்று கத்தினாள். இந்தச் சொல்லை இவ்வளவு ஆசையோடு யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

சின்ன வயதில் கோட்டூர்புரத்தில், அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்பும்வரை எதிர்வீட்டு ஷமீம் ஆன்ட்டிதான் எனக்குத் துணை. மெஷின் எண்ணெய் வாசனையும் புதுத்துணி வாசனையும் கலந்த அறையில் அவர் தைத்துக்கொண்டிருப்பார். நான் எதைச் சொன்னாலும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, “ரியலி?” என்பார்.

“ஆமா ஆன்ட்டி! எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் வாட்டர் பாட்டில்ல மீன் புட்ச்சுக்கினு வந்தான்!”

“ரியலி ரியலியா, இல்ல உடான்ஸா?”

ஆச்சரியம், சந்தேகம், கிண்டல் எல்லாம் அந்த ஒரே சொல்லில் வரும். மீதிக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இப்போது நான் தனியறையில் இருக்கிறேன். நண்பர்களிடம் ஏதாவது சொன்னால், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே “ரியலி?” என்கிறார்கள். நான் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

ஆன்ட்டியின் மகன் துபாய்க்குப் போய்விட்டானாம். அந்த வீட்டில் அவர் மட்டும்தான் என்று அம்மா சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறேன். என் கதை எதையும் ஆரம்பிக்காமல், அவரைப் பேசவிட்டு, இந்த முறை நான் “ரியலி?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.