தம்பி கேட்டு வாங்கிய ரிசீவர்

என் தம்பிக்குப் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. சிறுசேரியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் ஓட்டிக்கொண்டிருந்தான். "சைடுல வர்ற பைக்கு கண்ணுக்கே மாட்ட மாட்டேங்குதுக்கா" என்று ஒருநாள் சொன்னான். கண் நரம்பில் அழுத்தம், வெகு காலமாகவே இருந்திருக்கிறது, தாமதமாகத்தான் வந்திருக்கிறீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சொட்டு மருந்து, இரண்டு ஆபரேஷன். எதற்கும் அது நிற்கவில்லை. யாரும் சொல்வதற்கு முன்னால் அவனே போய் வண்டிச் சாவியை முதலாளி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தான். இன்று அவனுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும்.

முதலாளி சாவியை எடுத்துக்கொண்டு ஒரு போனைக் கொடுத்தார். அதில்தான் இப்போது அவன் வேலை. காதில் மாட்டிக்கொண்டு முப்பது டிரைவர்களுக்கு வழி சொல்கிறான். "நாவலூர்ல தோண்டி வச்சிகிறாங்கபா, தாழம்பூர் உள்ள பூந்து வா" என்று மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தபடி சொல்வான். சாலை முழுக்க அவன் தலைக்குள் இருக்கிறது. எங்களோடுதான் இருக்கிறான். என் கணவர் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருக்கிறார். எனக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு.

சினிமா என்றால் உயிரை விடுபவனாக இருந்தான் தம்பி. பார்வை போனதும் அதை அப்படியே விட்டுவிட்டான். நாங்கள் டிவியில் படம் போட்டால் ஒரு பத்து நிமிடம் வந்து உட்காருவான். அந்த டிவி ஸ்பீக்கரில் பாட்டும் பேச்சும் சண்டையும் எல்லாம் ஒரே தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். நான் அவன் பக்கம் சாய்ந்து, "இப்ப அவ கதவைத் திறக்கறா, உள்ள யாரும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வருவேன். அவன் பொறுத்துப் பார்ப்பான். பிறகு, "போன் வந்துகினே கீதுக்கா" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய்விடுவான். போன் எதுவும் வந்திருக்காது. அது எனக்கும் தெரியும்.

சென்ற வருடம் உப்புக் காற்றில் அந்த டிவி ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கியது. எங்கள் தெருவில் கதவுக் கீல் முதல் மிக்சி வரை எதுவும் முழு ஆயுள் வாழ்வதில்லை. டிவிக்கு அடியில் சவுண்ட்பார் என்கிற நீளமான ஸ்பீக்கர் ஒன்றை வைத்தால் போதும் என்றார் கணவர். மகளுக்கு வேறு கணக்கு. டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல் அவளிடம் இருந்தது. பின்னால் ஆள் ஓடி வந்தால் பின்னாலேயே சத்தம் கேட்க வேண்டும், அதற்கு ரிசீவர் வாங்கி ஐந்து ஸ்பீக்கர் மாட்ட வேண்டும் என்றாள். டிவி, கன்சோல் எல்லாவற்றின் வயரும் அந்தப் பெட்டிக்குள் போய், அது சத்தத்தைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும்.

எனக்கு டெஸ்டிங் புத்தி. பதினோரு மாடல்களை எக்செல்லில் வரிசையாகப் போட்டேன். எத்தனை சேனல், எத்தனை வாட்ஸ், எத்தனை எச்டிஎம்ஐ, எது புது கன்சோலின் வேகமான படத்தைத் தாங்கும் என்று கட்டம் கட்டமாக. ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டின்போது இதே பேச்சு. சினிமாவுக்கு என்று ஒரு மதிப்பெண், கேமுக்கு என்று ஒரு மதிப்பெண் கொடுத்துக் கூட்டினேன். இருப்பதிலேயே பெரிய மாடல் முதலிடம் பிடித்தது. வாங்குகிற முடிவுக்கே வந்துவிட்டோம்.

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "ஒரு வாரமா பேசிகினு கீறீங்க. யாராச்சும் அதைக் காதால கேட்டீங்களா?"



அன்று படுக்கப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அட்டவணையில் ஒவ்வொரு மாடலுக்கும் இருபது கட்டங்கள் இருந்தன. இந்த வீட்டில் காதை மட்டுமே நம்பி வாழ்கிற ஒருத்தனுக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, "சனிக்கிழமை செங்கல்பட்டு போறோம். நீ வந்து கேட்டுச் சொல்லு" என்றேன்.

"நான் எதுக்குக்கா?"

"எங்களுக்குக் கேக்கத் தெரியலன்னு நீதானே சொன்ன?"

சிரித்தான். சனிக்கிழமை அவன்தான் முதலில் சட்டை மாற்றித் தயாராக நின்றான்.

கடை செங்கல்பட்டில் ஒரு டிவி கடையின் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய ஓர் அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் தெருவின் ஹாரன் சத்தம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. தம்பி நாக்கால் ஒரு முறை 'டக்' என்று தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ரூமு" என்றான். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தம்பியைக் கையைப் பிடித்து ஓர் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சோபாவின் நடு இடத்தை என் கணவருக்குக் காட்டினார்.

முதலில் நடுத்தர மாடல் ஒன்றில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். பிறகு அதே காட்சியைப் பெரிய மாடலில் போட்டார். என் அட்டவணையில் முதலிடம் பிடித்தது அதுதான். கண்ணாடி உடைந்தபோது என் கணவர் காலைத் தூக்கிக்கொண்டார். "இதான்! இதுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

"அண்ணாத்த, முதல்ல போட்டதை இன்னொரு வாட்டி போடுங்க" என்றான் தம்பி.

போட்டார்.

"இப்ப ரெண்டாவது."

அதையும் போட்டார். தம்பி நாற்காலியின் கையில் விரலால் தாளம் போட்டபடி கேட்டான். "ரெண்டாவதுக்கு சவுண்டைக் கொஞ்சம் ஏத்தி வச்சிகிறீங்க. சத்தமா இருந்தா நல்லா இருக்கற மாதிரிதான் தோணும். ரெண்டையும் ஒரே அளவுல வைங்க, அப்பறம் கேப்போம்."

கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சவுண்ட் இன்ஜினியரா சார்?"

"கேப் டிரைவரு."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தானே எழுந்து வந்து தம்பியை நடு இடத்துக்கு மாற்றினார். என் கணவர் மறுபேச்சில்லாமல் ஓரத்து நாற்காலிக்குப் போனார். ஒரே அளவில் வைத்ததும் எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் எது எது என்றே தெரியவில்லை. தம்பிக்கு மட்டும் தெரிந்தது. "பெருசுல அடி கொஞ்சம் கெட்டியா வருது. ஆனா நம்ம வூட்டு ஹாலுக்கு அது எதுக்கு? பக்கத்து வூட்டுக்காரன் சண்டைக்கு வருவான். மழை பெய்யற சீன் எதுனா கீதா? ரெண்டு பேரு மெதுவா பேசறது?"

கடைக்காரர் தேடிப் பிடித்தார். மழை எங்களைச் சுற்றிலும் பெய்தது. நடுவில், டிவிக்குக் கீழே வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் மூச்சோடு கலந்து பேசினாள். அந்த நடு ஸ்பீக்கரில்தான் பேச்சு மட்டும் தனியாக வரும் என்று அட்டவணையில் நானே எழுதியிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் விளங்கியது. தம்பி முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கேட்டான். முடிந்த பிறகும் அப்படியே இருந்தான்.

அடுத்தது மகளின் முறை. பள்ளிக்கூடப் பையில் கன்சோலைச் சுமந்து வந்திருந்தாள். முதலில் அதை ஒரு சவுண்ட்பாரோடு இணைத்து, கேமில் வரும் ஆளைக் குதிக்கவைத்துக் காட்டினாள்.

"நீ பட்டனை அமுக்கற சத்தம் முன்னாடி வருது. அது குதிக்கிற சத்தம் அப்பறமா வருது" என்றான் தம்பி.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே மாமா."

"உனக்கு கண்ணு கீது, சமாளிச்சிப்ப."

ரிசீவரில் மாட்டியபோது கேட்டுவிட்டு, "இப்ப ரெண்டும் ஒண்ணா வருது" என்றான். கடைக்காரர் மகளிடம், "இனிமே எங்க போனாலும் உங்க மாமாவ கூட்டிகினு போம்மா" என்றார்.

கடைசியாக இரண்டு ரிமோட்டையும் அவன் கையில் கொடுத்தார். பெரிய மாடலின் ரிமோட் வழவழவென்று சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. எல்லாமே டிவி திரையில் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். "இதுல கைக்கு ஒண்ணுமே மாட்டலயே" என்று திருப்பிக் கொடுத்தான். நடுத்தர மாடலின் ரிமோட்டில் மேடு மேடாகப் பட்டன்கள். பெட்டியின் முன்பக்கம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், ஒவ்வொரு நிலைக்கும் 'கிளிக்' என்று விரலில் தட்டும். ஐந்து கிளிக் வலது பக்கம் திருப்பினான், மூன்று இடது பக்கம். "இது போதுங்க" என்றான். என் கைப்பைக்குள் அந்த அட்டவணையின் அச்சுப் பிரதி மடங்கிக் கிடந்தது. நான் அதை வெளியே எடுக்கவே இல்லை.

ஆள் வந்து மாட்டித் தருவார்கள் என்றார் கடைக்காரர். நாமே மாட்டிக்கொள்ளலாம் என்றார் என் கணவர். ஞாயிறு முழுக்க அதற்குச் சரியாகப் போனது. வயர்களைச் சுவரோரம் ஓட்டி, ஸ்பீக்கர்களை மூலைகளில் நிறுத்திய பிறகு, கடைசியாக ஒரு சின்ன மைக்கை சோபா நடுவில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சத்தம் எழுப்பி ரிசீவர் தானே அறையை அளந்துகொள்ளும். அப்போது வீடு ஊசி விழும் சத்தம்கூட இல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் பின்தெருவில் சிற்பக் கூடம். அன்று ஏதோ அவசர ஆர்டர் போலிருக்கிறது, கல் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. 'சத்தம் அதிகம், மீண்டும் முயலவும்' என்றது ரிசீவர். அவர்கள் சாப்பாட்டுக்கு நிறுத்தும்வரை காத்திருந்து மறுபடி தொடங்கினோம். நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, மீன்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். மூன்றாவது முறை என் கணவருக்குத் தும்மல் வந்தது. மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலாவது முறைதான் அளந்து முடித்தது.

சாயங்காலம் ஒரு படம் போட்டோம். ஐந்து நிமிடத்துக்குள் தம்பி கையைத் தூக்கினான். "மச்சான், பின்னாடி ரெண்டும் இடம் மாறிக் கீது. பஸ்ஸு முன்னாடி இடது பக்கமா போச்சி, பின்னாடி வலது பக்கமா வருது. எந்த டிரைவரு இப்படி ஓட்டுவான்?" கணவர் முனகிக்கொண்டே போய் வயரை மாற்றினார்.

பிறகு படம் ஓடியது. நாயகன் ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தபோது பழக்கதோஷத்தில் நான் சாய்ந்து, "இப்ப அவன்..." என்று தொடங்கினேன்.

"சும்மா இருக்கா. செருப்பைக் கழட்டிட்டு உள்ள போறான். மாடியில யாரோ நடக்கறாங்க. எனக்குத் தெரியுது."

வாயை மூடிக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் படத்தில் இருந்தார்கள். அன்று அவன் எழுந்து போகவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடும் இசைவரை உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வாரம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது ஹாலில் அடிதடி. இருவர் மோதும் சண்டை கேம் ஒன்றை மகள் அவனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். உதைக்கு ஒரு சத்தம், குத்துக்கு ஒரு சத்தம், குதித்தால் துணி படபடக்கும். எதிரி இடது பக்கம் இருந்தால் இடது ஸ்பீக்கரில் கால் தேயும் சத்தம் கேட்கும். முதல் மூன்று நாள் அவன் தோற்றுக்கொண்டே இருந்தான். அவள் விட்டுக்கொடுத்து ஒருமுறை ஜெயிக்க வைத்தாள். கண்டுபிடித்துவிட்டான். "நீ சும்மா நின்னுகினு இருந்த. பேஜாரு பண்ணாத, ஒழுங்கா ஆடு" என்று திட்டினான். அதற்குப் பிறகு அவள் ஒழுங்காகவே ஆடினாள்.

பதினைந்து நாள் கழித்து அவளை நேர்மையாகத் தோற்கடித்தான். அவள் கன்ட்ரோலரைச் சோபாமேல் போட்டுவிட்டு, "அம்மா, மாமா நான் குதிக்கறதுக்கு முன்னாடியே உதைக்கறாரு!" என்று சமையலறைக்கு ஓடி வந்தாள். அவள் குரலில் அழுகையும் பெருமையும் சரிபாதியாக இருந்தன. தம்பி ஹாலிலிருந்து, "ரோட்டுல பத்து வருசம் ஓட்டிகிறேன்டி. அடுத்தவன் இன்னா பண்ணப்போறான்னு தெரியாதா?" என்றான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பழைய டிரைவர் கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். கண் தெரியாதவனிடம் எப்படித் தோற்பது என்று முதலில் கூச்சப்பட்டார்கள். தோற்றபிறகு கூச்சம் போய்விட்டது. ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ஆடிப் பார்த்தார், பத்து விநாடிகூடத் தாங்கவில்லை. அவர்களுக்கு மீன் குழம்பு வைப்பது என் கணவர் பொறுப்பு.

சென்ற மாதம் அந்தக் கூட்டாளிகளோடு தம்பி செங்கல்பட்டுக்கு ஒரு தியேட்டருக்குப் போனான். பார்வை போனபிறகு அதுதான் முதல் தடவை. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை. எட்டரை மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கூட வந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"இடைவேளையில மேனேஜரைக் கூப்பிட்டுட்டான்க்கா. பின்னாடி இடது பக்கம் ஒரு ஸ்பீக்கரு வேலை செய்யலன்னு. அவரு இல்லன்னு சாதிச்சாரு. அப்பறம் ஏணி போட்டு ஏறிப் பாத்தா, வயரு கழண்டு தொங்கிகினு கீது!"

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"படம் எப்படிடா?" என்று கேட்டேன்.

"படம் சுமாருக்கா" என்றான். "தோசை கீதா?"