வரப்பை எடுத்த நாள்

துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது விற்ற சின்ன டிராக்டரை என் அண்ணன் மதராசிலிருந்து வாங்கி வந்தான். அதுவரை பங்களாவில் புல் வெட்டிக்கொண்டிருந்த வண்டி அது. பின்னால் மாட்டிக்கொள்ள, வளைந்த கத்திகள் சுற்றுகிற ஒரு கலப்பையும் கூடவே வந்தது. ஆரணிப் பக்கத்தில் அப்போது பெரிய டிராக்டரையே யாரும் சரியாகப் பார்த்ததில்லை. ஊரே திரண்டு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அண்ணன் வண்டி அல்லவா!

எங்கள் கத்திரித் தோட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன. அப்பா வாயால் பிரித்துக் கொடுத்த பாகம், பத்திரம் கிடையாது. நடுவில் ஒரு வரப்பு, அது போய்க் கிணற்றில் முட்டும். வடக்கே அவன் மாடு கட்டிக் கவலை இறைப்பான், தெற்கே நான். அந்தக் கிணறு இல்லையென்றால் என் தோட்டம் வெறும் பொட்டல்.

"வரப்ப வச்சுக்கினு வண்டிய எப்டிடா திருப்பறது? எடுத்துடு. ரெண்டையும் ஒண்ணா ஓட்டிட்டு அப்பறம் போட்டுக்கலாம்" என்றான் அண்ணன்.

நியாயமாகத்தான் பட்டது. மண்வெட்டி எடுத்து நானே வெட்டித் தள்ளினேன். அவன் முதல் சுற்று மேலாக ஓட்டினான். அடுத்த சுற்றுக்குக் கத்தியை ஆழமாக இறக்கினான். கோரைப்புல் கத்தியில் சுற்றிக்கொள்ளும்போதெல்லாம் எஞ்சினை நிறுத்துவான். நான் குனிந்து பிடுங்கி எறிவேன். சாயங்காலம் மண் புட்டு மாவாகக் கிடந்தது. வரப்பு இருந்த சுவடே இல்லை. அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் மாமியார் ஊரில் ஒரு சாவு. போய்த் திரும்பி வந்து பார்த்தால் வரப்பு போட்டாகிவிட்டது. கிணற்றில் முட்டவில்லை. கிணற்றைச் சுற்றிக்கொண்டு என் பக்கமாக வளைந்து போனது. என் கவலை மரத்தைப் பிடுங்கி வரப்போரம் போட்டிருந்தான்.

பெரியவர்களைக் கூட்டிவந்தேன். வரப்பு எங்கே முட்டும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர் மண்ணை அள்ளிப் பார்த்து, "இன்னா பொடி பண்ணிக்கீது பாரு" என்றார். இன்னொருவர் தன் கொல்லைக்கு வண்டி எப்போது வரும் என்று அண்ணனிடம் கேட்டார். வரப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு வண்டி வேண்டியிருந்தது. கூடப்பிறந்தவன் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். அம்மிக்கு நானே குனிந்து கொடுத்திருக்கிறேன்.

எல்லாரும் போனபின், "இது உனக்கே அடுக்குமா அண்ணா?" என்றேன்.

"இன்னாடா பேஜார் பண்ற? தண்ணி இல்லன்னா சொன்னேன்? ஒரு வார்த்த கேட்டுட்டு எறைச்சுக்கோ."

நடக் காத்திருந்த கத்திரி நாற்று வாடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அவன் வாசலில் போய் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணிதான் எட்டிப் பார்த்தாள்.

"நாஷ்டா துன்னுக்கினு கீறாரு. அங்கியே இரு."

நின்றேன்.