படகுக்கு மடை வைத்தவர்கள்

தம்பியின் படகுக்குள் கையை விட்ட அன்றைக்கு மத்தியானம் நான் சோறு சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மீன் கழுவிய தண்ணீரில் வளர்ந்தவள் நான். கருவாட்டு மூட்டைமேல் தலைவைத்துத் தூங்கியவள். என்னையே ஒரு நாற்றம் படுக்கப் போட்டது என்றால் அது எப்படிப்பட்ட நாற்றம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடற்கரையில். கட்டிக்கொண்டு வந்தது நீடாமங்கலம் பக்கம், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு ஊருக்கு. காதல் கல்யாணம். அதனால் இந்த வீட்டில் எனக்கு ரொம்ப நாள் ‘மீன்காரப் பொண்ணு’ என்றுதான் பெயர். என் தம்பி கடலுக்குப் போகிறவன். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தான். ஒரு புயலில் அவன் வலையெல்லாம் போய், எஞ்சினும் போய், படகு மட்டும் மிஞ்சியது. அவன் வேறு வழியில்லாமல் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். கரையில் கேட்பாரில்லாமல் கிடந்தால் வெயிலில் வீணாய்ப் போய்விடும் என்று சொல்லி, என் கணவர்தான் படகை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி எங்கள் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தார். நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார். அதை நான் மறுக்கவில்லை.

முதல் வருடம் படகைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். இரண்டாம் வருடம் குறுவைக்கு விதைநெல் ஊறப்போடும் நேரத்தில் என் மாமனார் கொல்லைப்பக்கம் போனார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இம்மாம் பெரிய தொட்டி சும்மா கெடக்குதே” என்றார்.

அவ்வளவுதான், கதை முடிந்தது. மோட்டாரைப் போட்டுப் படகு நிறையத் தண்ணீர் விட்டார்கள். விதைநெல் மூட்டைகளை உள்ளே இறக்கினார்கள். ஊறியதும் மூட்டைகளை எடுத்துவிட்டுத் தண்ணீரை மொண்டு ஊற்றுவது நானும் என் மாமியாரும். முதுகு ஒடிந்துவிட்டது. குனிந்து குனிந்து வாளியால் மொள்ள முடியவில்லை என்று கத்தியது யார் தெரியுமா? நான்தான். கத்தாமல் இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

மருமகள் சொல்லிவிட்டாள் என்று மாமனார் மறுநாளே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அறுபது வருடமாக வயலில் தண்ணீர் பாய்ச்சி, வயலிலிருந்து தண்ணீர் வடிய விட்டவர் அவர். தண்ணீர் நிற்கிற இடம் எதுவானாலும் அதற்கு ஒரு மடை வேண்டும். அவருக்குத் தெரிந்த சாஸ்திரம் அது. டிரில்லிங் மிஷின் வாங்கிவந்து, படகின் பின்பக்கப் பலகையில், கீழே, இரண்டு இஞ்சுக்கு ஓட்டை போட்டு, ஒரு பிவிசி பைப்பைச் செருகினார். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அதை அடைத்தார். துணியைப் பிடுங்கினால் தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலுக்குப் போய்விடும். அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு ஆஹா என்றார்கள். உலகத்திலேயே படகுக்கு மடை வைத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஒரு படகின் பின்பக்கப் பலகை என்ன என்று எனக்குத் தெரியாதா? வெளியே ஃபைபர், உள்ளே ஃபைபர், நடுவில் கனமான மரம். எஞ்சின் முழுதும் அந்தப் பலகையில்தான் தொங்கும். மரத்தில் தண்ணீர் படக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பக்கமும் ஃபைபரால் மூடி ஒட்டுகிறார்கள். அதில் ஓட்டை போட்டால் அறுத்த இடத்தில் மரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் சொல்லவில்லை. முதுகுவலி போனதே என்று இருந்தேன்.

இப்படி நாலு வருடம் போனது. தம்பி போனில் கேட்பான். “படகு எப்படிக்கா இருக்கு?”

“ராஜாவாட்டம் இருக்குடா” என்பேன்.

ஒரு தடவை போட்டோ கேட்டான். முன்பக்கத்தைத் துடைத்துவிட்டு அதை மட்டும் எடுத்து அனுப்பினேன். சீ, என்ன ஜென்மமோ.

பிறகு ஒருநாள் அவன் போன் வந்தது. “அடுத்த மாசம் வந்துடறேன்க்கா. இனிமே திரும்பிப் போறதா இல்ல. நம்மூர்ல ஒருத்தன்கிட்ட செகண்ட் ஹேண்டு எஞ்சின் சொல்லி வச்சிருக்கேன். அடுத்தவன் படகுல கூலிக்கு ஏறி அவன் வாய்ல விழ என்னால முடியாது. எனக்குன்னு இருக்கறது அந்தப் படகு ஒண்ணுதான்.”

போனை வைத்ததும் கொல்லைக்கு ஓடினேன். தளப்பலகையைக் கடப்பாரையால் நெம்பினோம், நானும் என் கணவரும். அது உடையவில்லை, பிய்ந்தது. கீழே இருந்ததை எப்படிச் சொல்வது? மூட்டைகளிலிருந்து சிந்திய நெல் நாலு வருடமாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. முளைவிட்டு, முளை அழுகி, அதன்மேல் அடுத்த வருட நெல் விழுந்து, அதுவும் அழுகி, கறுப்பாக, கொழகொழவென்று, முழங்கை ஆழத்துக்கு. படகு மிதப்பதற்காக அடைத்திருந்த தெர்மாகோலை எலி குடைந்து வளை போட்டிருந்தது. கண் திறக்காத எலிக்குஞ்சுகள் செத்து அதிலேயே ஊறிப்போயிருந்தன. அள்ளும்போது விரலுக்கிடையில் மரவட்டை நெளிந்தது. வேலியோரம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் அள்ளினேன். மாமனார் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு எட்ட நின்றார்.

“நல்ல எருவாச்சே, வீணாக்காம தென்னைக்குப் போடுங்க” என்றார்.

அந்த மனுஷரை அப்போது என்ன செய்தாலும் தகும் என்று இருந்தது.

மூன்று நாள் அள்ளினோம். எத்தனை தடவை குளித்தாலும் நகக்கண்ணில் அந்த வாடை போகவில்லை. தட்டில் சோறு போட்டால் நெல் ஞாபகம், நெல் என்றால் அந்தக் கறுப்புச் சேறு. சோறு சோறு என்று உயிரை விடுகிற இந்தச் சீமையில் நான் பத்து நாள் பிஸ்கட் தின்று காலம் தள்ளினேன்.

நாலாம் நாள் ஸ்க்ரூ டிரைவரால் பின்பக்கப் பலகையைக் குத்திப் பார்த்தேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தால் ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது மரம்.

கடற்கரையிலிருந்து ஃபைபர் வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடலாம் என்றேன். என் கணவர் கேட்கவில்லை. அங்கே ஆள் தேடினால் விஷயம் தம்பி வீட்டுக்குப் போய்விடுமாம். தண்ணீர்த் தொட்டிகளுக்கு விரிசல் ஒட்டுகிற ஒருவரை அழைத்துவந்தார். அந்த ஆள் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

“உள்ள மரம் கொஞ்சம் ஊறியிருக்கு, அதனால ஒண்ணுமில்லக்கா. ஓட்டையில ஒரு கட்டையை அடிச்சு, மேல நாலு மேட்டு போட்டு ரெசின் இழுத்தா இரும்பு மாதிரி நிக்கும்” என்றார். மேட் என்பது கண்ணாடி நாரில் செய்த துணி. அதை ரெசினில் நனைத்து ஒட்டுவார்கள்.

“அழுகின மரத்துமேல ஒட்டுனா நிக்குமாங்க? அதை வெட்டி எடுத்துட்டுப் புது மரம் வைக்கணும்” என்றேன்.

“வெட்டுனா படகே ரெண்டாப் போயிடும் போலருக்கு. இன்னும் பத்து நாள்ல வந்து நிப்பான் உன் தம்பி. என்ன பதில் சொல்லுவ?” என்றார் என் கணவர். “எங்கப்பா இந்த வயசுல அவன்கிட்டப் பேச்சு வாங்கணுமா?”

மாமனார் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். “தண்ணியில போறதுக்குன்னு செஞ்ச சாமான். அது தண்ணியில ஊறுனா கெட்டுடும்னா, அப்பறம் அது என்னத்துப் படகு?”

அவர்கள் பலகையைத் தேய்த்தார்கள். ஃபைபர் தூசி பறந்து கழுத்து, அக்குள், கண் இமை எல்லாம் அரித்தது. ரெசின் நாற்றம் பழைய நாற்றத்தோடு சேர்ந்துகொண்டது. ஒட்டி, பட்டி போட்டு, நீல பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் பிரஷ் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைச் செய்கிறவர்களுக்குக் கை கூசாது போல. எனக்குக் கூசியது. இருந்தும் அடித்தேன்.

தம்பி வந்தான். இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். நேராகக் கொல்லைக்குத்தான் போனான். படகைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“யக்கா, புதுசாட்டம் வச்சிருக்கீங்களே! மாமா, ரொம்ப நன்றி மாமா” என்று என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டான். என் கணவர் ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்றார். கூச்சமே இல்லாமல் சொன்னார்.

மறுநாள் காலையில் டிரெய்லர் வருவதாக ஏற்பாடு. வரும்போதே எஞ்சினையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். இங்கேயே ஒரு தரம் மாட்டிப் பார்த்துவிடுகிறேன் என்றான். மாமனார் சூடம், தேங்காயோடு ரெடியாக நின்றார். நாலு பேர் சேர்ந்து எஞ்சினைத் தூக்கிப் பின்பக்கப் பலகையில் உட்காரவைத்தார்கள். தம்பி படகுமேல் நின்று எஞ்சினைப் பிடித்து நிறுத்தும் திருகுகளை முறுக்க ஆரம்பித்தான். நான் கீழே நின்றிருந்தேன்.

“பின்பலகை கெட்டியா இருக்குல்லக்கா?” என்று மேலேயிருந்து கேட்டான்.

“இருக்குடா” என்றேன்.

திருகு இறுக இறுக, நீலப் பெயிண்டுக்கு அடியிலிருந்து, அந்தப் பழைய ஓட்டை இருந்த இடத்தில், பழுப்பாக ஒரு கோடு கசிந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன். சட்டென்று கையை வைத்துத் துடைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. மறுபடி கசிந்தது. மறுபடி துடைத்தேன். கையை முகத்தருகே கொண்டுபோனேன். அதே நாற்றம். ஒரு நிமிடம் எனக்கு எது நாறுகிறது என்றே தெரியவில்லை, படகா, நானா. த்தூ, நான் ஒரு மனுஷியா என்று தோன்றிவிட்டது. கூடப் பிறந்தவன் கரை தெரியாத தண்ணீரில் நிற்கும்போது இந்த எஞ்சின் பிய்த்துக்கொண்டு விழும். பின்பக்கம் வாயைத் திறக்கும். இதைத்தான் நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

“எஞ்சினை எறக்குடா” என்றேன்.

“ஏன்க்கா?”

“எறக்குன்னா எறக்கு!”

என் குரலைக் கேட்டுப் பயந்துபோய் இறக்கினார்கள். வேலியோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துவந்து ஓங்கிக் குத்தினேன். ஒரே குத்து. நாலு மேட்டும் பட்டியும் பெயிண்டும் அப்பளமாக நொறுங்கின. உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் சளசளவென்று என் காலில் கொட்டியது. அதோடு மரமும் வந்தது, கூழாக.

“அடிப் பாவி, சூடம் ஏத்தப் போற படகுமேலயா கடப்பாரையப் போடுவ!” என்று மாமனார் கத்தினார். என் கணவர் வீட்டுக்குள்ளே போய்விட்டார். நான் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விதைநெல், மடை, முதுகுவலி, போட்டோ, பெயிண்ட். ஒன்றையும் விடவில்லை.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஓட்டைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கூழை விரலால் தோண்டித் தோண்டி எடுத்துப் பக்கத்தில் போட்டான். நான் உதவப் போனேன். “நீ தள்ளிக்க” என்றான். திரும்பாமலே பேசினான்.

“மொத ஓட்டத்துக்கு எம் பொண்ணு பாப்பாவ ஏத்துறதா இருந்தேன். நான் வெளிநாட்டுலேருந்து வந்து எறங்குனதுலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கா. உன்னயும் கூப்பிடணும்னு இருந்தேன்.” கையிலிருந்ததை உதறினான். “கூப்பிட்டிருந்தா ஏறியிருப்பியாக்கா?”

பொய் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

“மாட்டேன்டா” என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். மறுபடியும் தோண்ட ஆரம்பித்தான்.

படகை அப்படியே டிரெய்லரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனான். அங்கே விவரம் தெரிந்த ஆளை வைத்துப் பின்பக்கத்தை மொத்தமாக அறுத்தெடுத்து, காய்ந்த மரம் வைத்துக் கட்டினார்கள். வேலை முடிய ரொம்ப நாள் ஆனது. அதுவரைக்கும் அவன் அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் போனான். இப்போது சொந்தப் படகு ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது என்கிறார்கள். பாப்பா ஏறிவிட்டாள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் கணவரைக்கூட ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போய்வந்தான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அவன் கூப்பிடவில்லை.