நகர்த்திய புள்ளி

தெல்தெனியப் பஸ்ஸில் மடிமீது ஒரு பழைய வரைபுத் தாளை வைத்திருந்தேன். பென்சிலால் வரைந்த முக்கோண வலை, நடுவில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வரைந்தவர் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் ஆய்வு செய்த அக்கா. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

ஒரே சுருதியில் அதிரும் ஒலியலைகளின் சமன்பாட்டைக் கணினியில் தீர்ப்பது எங்கள் வேலை. இடத்தை முக்கோணங்களாக வெட்டினால் சமன்பாடு எண்கள் வரிசை வரிசையாக அடுக்கிய தாயமாக, அதாவது அணியாக, மாறிவிடும். சமன்பாட்டுக்கு ஒரே விடைதான். ஆகவே எந்த வலை போட்டாலும் தாயத்துக்கும் ஒரே விடைதான் என்று நான் தேற்றமே எழுதிவிட்டேன். உண்மையில் முக்கோணங்கள் போதிய அளவு சிறிதாக இருந்தால்தான் அது நிச்சயம்; நான் அதைக் கவனிக்கவில்லை. அக்கா இந்தத் தாளை நீட்டினார். "இந்த வலையில பாருங்க தம்பி. சத்தமே போடல, ஆனா அலை நிக்குது. துணிகோவை பூச்சியம்." தாயத்திலிருந்து கணிக்கும் அந்த ஒற்றை எண் பூச்சியமானால் ஒரே விடை என்பது கிடையாது.

கணினியில் போட்டேன். விடை தர மறுத்தது. தேற்றம் போனால், அதை நம்பி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைக்கவிருந்த இடமும் போகும். பிலிமத்தலாவையில் என் வாப்பா, மகன் வெளிநாடு போகிறான் என்று தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். சிவப்பு வட்டப் புள்ளியைச் சற்றே வலப்பக்கம் நகர்த்தினேன். விடை வந்தது. அதைத்தான் பேராசிரியருக்குக் காட்டினேன். "அக்கா கையால போட்டதில எங்கயோ பிழ விட்டுட்டாங்க, சேர்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"புள்ளிய நகத்துனீங்களா?" என்று அக்கா ஒரே ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பினார். அதுதான் இன்றும் என்னை அரிக்கிறது. அடுத்த தவணையே ஆய்வை விட்டுவிட்டுத் தெல்தெனியப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிக்கப் போனார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி, அக்காவின் வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய் ஒரு கொப்பி கொண்டுவந்தார். பக்கத்துக்குப் பக்கம் அதே வலை, அதே கணக்கு. ஒவ்வொன்றின் கடைசி வரியிலும் பூச்சியம். அதன் கீழே, அவருடைய கையெழுத்திலேயே, 'பிழை'.

"அப்ப நான் சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றார். பிறகு வரைபுத் தாளை ஒருபக்கம் ஒதுக்கி, கொப்பி திருத்தும் சிவப்புப் பேனையை என்னிடம் நீட்டினார். "நீங்களே திருத்துங்க தம்பி."

முதல் பக்கத்தில் சரி போட்டேன். இன்னும் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.