நான் போய் வந்த லங்கா

யுத்தத்துக்கு முந்தைய வருடங்கள். நிஜாம் ஆட்சியில், செகந்திராபாத் ரயில்வே பட்டறைக் காலனியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே பிட்டர் வேலை. வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச பாஸ், திருச்சிப் பக்கத்துக் கல்யாணங்களுக்கும் கருமாதிகளுக்குமே செலவாகிவிடும். ஒரு தடவையாவது யாருக்கும் மொய் எழுதாமல், சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதுவும் சிலோன். யானை குளிப்பதையும், மலைமேல் ரயில் ஏறுவதையும் காலனியில் ஒருவர் சொல்லக் கேட்டதிலிருந்து அதே நினைப்பு.

இவர் பட்டறையில் பழகிய பாஷையில், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "நக்கோ. தங்க ஒரு வீடு இல்லாத ஊருக்கு எவன் போவான்?"

அடுத்த வீட்டில் கோதாவரிப் பக்கத்துத் தெலுங்கு அம்மாள். நாங்கள் ஒருவரையொருவர் 'வதினா', அதாவது அண்ணி, என்று முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். என் அரைகுறைத் தெலுங்கில், லங்காவுக்குப் போக ஆசை, தங்க இடமில்லை என்று அவரிடம் புலம்பினேன். அவர் தெலுங்கு வாடைத் தமிழில் சொன்னார்: "எங்க அக்கா லங்காலதான் இருக்குது வதினா. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. நானும் கூட வர்றேன்."

இவர் துருவித் துருவி விசாரித்தார். ரயிலைவிட்டு இறங்கிப் படகு ஏற வேண்டுமா? ஏற வேண்டும். தென்னை உண்டா? கண்ணுக்கெட்டிய மட்டும். எல்லாம் பொருந்தி வந்தது. தனுஷ்கோடி வரை பாஸ் எழுதி வாங்கிவிட்டார்.

இப்போது விஜயவாடா என்கிறார்களே, அந்தப் பெஜவாடாவில் வண்டி மாற வேண்டும். நாங்கள் மதராஸ் வண்டியைப் பார்த்து நடந்தோம். அக்காவுக்கான ஊறுகாய் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வதினா எதிர்ப்பக்கம் போனார். "அங்க எங்க போறீங்க? ராஜமந்திரி வண்டி இந்தப் பக்கம்" என்றார். அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. அவர்கள் ஊரில் ஆற்றுக்கு நடுவே இருக்கும் திட்டுக்குப் பெயர் லங்கா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிலோனுக்குப் போனால் தங்க வீடில்லை. வீடு திரும்பினால் அடுத்த பாஸுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வதினா ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா படித்துறையில காத்துட்டு இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய் ராஜமந்திரிக்கு டிக்கெட் வாங்கி வந்தார். ரயில்வேக்காரர் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவது எங்கள் காலனியில் மானக்கேடு.

லங்காவில் யானையும் இல்லை, மலையும் இல்லை. வாழை, தென்னை, புகையிலை, சுற்றிலும் ஆறு. அந்த அக்காவுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. வேளாவேளைக்குச் சோறு போட்டார், படகில் கூட்டிப்போய் ஆற்றைச் சுற்றிக் காட்டினார். அவருக்கு இருந்ததே ஒரு அறை. அதை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு அவர் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டது, கிளம்புகிற அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பெஜவாடாவில் அழுததை நினைத்து வெட்கமாகிவிட்டது.

சிலோனுக்கு நாங்கள் கடைசிவரை போகவில்லை. யாராவது கேட்டால், லங்காவுக்குப் போயிருக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். இவரும் பட்டறைப் பாஷையில் "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டுவார். தங்க ஒரு வீடு இருக்கிற ஊருக்குத்தான் போக வேண்டும் என்று இவர் அடம்பிடித்தது நல்லதாகவே போயிற்று என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.